மண் வைக்காத கூண்டு

அந்தக் கூண்டா மேடம்? அது காலிதான். கிட்டப் போயிப் பாத்தாலும் ஒண்ணும் இருக்காது. கொய்யாக் கொப்பு காஞ்சு கெடக்கு. எடுத்துப் போடணும், எடுத்துப் போடணும்னு தெனம் நினைக்கேன், கை வரமாட்டேங்குது. பச்சோந்தி வளத்தேன் அதுல. ஆடி மாசத்துல இருந்து ஐப்பசி வரைக்கும்.

உக்காருங்க. சார், நீங்களும் உக்காருங்க. எழுதணும்னா அந்த மேசையில வச்சு எழுதிக்கிடலாம். ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும், காத்து நல்லா வரும்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். என் மக செண்பகவல்லி செத்துப்போயி இன்னைக்குப் பதினோரு நாள். கல்யாணமாகி ஏழு வருசத்துக்குள்ள ஒரு பொண்ணு செத்தா ஆர்.டி.ஓ. விசாரிக்கணும்னு ஸ்டேஷன்லயே சொன்னாங்க. ஏழு வருசம் எங்க, அவளுக்கு ஒரு வருசம்கூட ஆகல. போன தையில கல்யாணம். நான் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்த பேப்பரு உங்க கையில இருக்கு. தீராத வயித்து வலியால கஷ்டப்பட்டு வந்தா, அதுல மனசு ஒடஞ்சு கிணத்துல விழுந்துட்டா, யார் மேலயும் எனக்குச் சந்தேகம் இல்ல. இதானே அதுல இருக்கு? இப்பவும் அதையேதான் சொல்றேனா, இல்ல மாத்திச் சொல்றேனான்னு கேக்க வந்திருக்கீங்க. சொல்றேன் மேடம். அவசரப்படுத்தாதீங்க. வந்ததும் வராததுமாக் கூண்டக் கேட்டுட்டீங்க. அதைச் சொல்லி முடிச்சிட்டு இதுக்கு வாரேன்.

என் பேரு ஆறுமுகப்பெருமாள். வயசு அறுபத்தொண்ணு. ஸ்கூல்ல லேப் அட்டெண்டரா முப்பத்தோரு வருசம் வேலை பாத்தேன். விலங்கியல் லேபு. பிள்ளைகளுக்குத் தவளை பிடிச்சிட்டு வாறது, மயக்கிக் குடுக்கறது, மெழுகுத் தட்டுல நாலு கையையும் விரிச்சுக் குண்டூசி குத்தி வக்கிறது, எல்லாம் நான்தான். அப்புறம் ஜாடிங்க. அலமாரி நெறைய ஜாடி. பாம்பு, தேளு, நட்டுவாக்காலி, பொறக்காத ஆட்டுக்குட்டி, எல்லாம் ஃபார்மலின்ல. வருசத்துக்கு ஒருக்க மருந்து மாத்தணும். மாத்தலைன்னா மஞ்சக் கலங்கிரும். என் லேப்ல ஒரு ஜாடி கலங்கி யாரும் பாத்ததில்ல. இன்ஸ்பெக்ஷன் வர்ற ஆபீசருங்க, இது என்னப்பா ஆஸ்பத்திரி கணக்கா வச்சிருக்கன்னு கேப்பாங்க. அழுக்கு எனக்கு ஆகாது மேடம். வீடும் அப்படித்தான். பாருங்க, சம்சாரம் தவறி நாலு வருசமாச்சு, ஒரு ஒட்டடை உண்டா?

அந்த லேப்ல பச்சோந்தியும் ஒண்ணு இருந்துச்சு, ஜாடியில. நான் வேலைக்குச் சேரும்போதே இருந்துச்சு. வெள்ளையா வெளுத்துப் போயி, வாலைச் சுருட்டிக்கிட்டு. முப்பத்தோரு வருசம் அதைத் தொடச்சுத் தொடச்சு வச்சேன். அதனால உசிரோட ஒண்ணு கெடச்சதும் எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

கண்டுபிடிச்சது நான் இல்ல. செண்பகவல்லிதான். தலை ஆடிக்குக் கூட்டிட்டு வந்திருந்தேன். ஒரு மாசம் இங்கதான் இருந்தா. பின்னாடி முருங்கையில காய் பறிக்கப் போனவ, அப்பா அப்பான்னு மெதுவாக் கூப்புடறா. சத்தம் போட்டா ஓடிரும்னு மெதுவா. போயிப் பாத்தா, கொப்போட கொப்பா ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. ஒரு கண்ணு அவளப் பாக்குது, இன்னொரு கண்ணு பின்னால என்னையப் பாக்குது. ஒரு நல்ல அரைமணி நேரம் ரெண்டு பேரும் அண்ணாந்து நின்னோம். அவ கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க சேந்து சிரிச்சது அன்னைக்குத்தான்.

மேல காக்கா ரெண்டு சுத்திக்கிட்டு இருந்துச்சு. அதனால நான் பிடிச்சுட்டேன். அவ, வேணாம்பா, விட்ருங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்னா. காக்கா கொத்திரும்மான்னேன். அது இவ்வளவு நாளும் காக்காவோடதானப்பா இருந்துச்சுன்னா. பிள்ளை பேச்சு அப்படித்தான் இருக்கும். வெளிய இருந்தா ஆபத்து, நமக்குத் தெரியுதுல்ல? தெரிஞ்சுக்கிட்டு எப்படி விட முடியும்?

கூண்டு நானே செஞ்சது. பழைய அலமாரிச் சட்டம், நாலு பக்கமும் கொசுவலை. இரும்பு வலை அடிச்சா நகம் மாட்டிக்கிடும், அதனால கொசுவலை. உள்ளாற கொய்யாக் கொப்பு, மூணு நாளைக்கு ஒருக்க மாத்திருவேன். அது கிண்ணத்துல தண்ணி குடிக்காது, தெரியுமா உங்களுக்கு? கிண்ணம் நெறைய வச்சாலும் தாகத்துல செத்துப்போகும். இலையில விழுற சொட்டைத்தான் நக்கும். அதுக்காக ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துற டியூப் ஒண்ணு வாங்கி, மேல பாட்டிலக் கவுத்துக் கட்டி, சொட்டு சொட்டா இலையில விழுற மாதிரி வச்சேன். அந்தா தொங்குது பாருங்க. காலையில எட்டு மணி வெயில்ல ஒரு மணி நேரம். சாப்பாட்டுக்கு வெட்டுக்கிளி. சோளக்காட்டுல போயி நானே பிடிச்சிட்டு வருவேன். அது கிட்டக்க போகாது. உக்காந்த எடத்துல இருந்தே நாக்க நீட்டும், அதோட உடம்பு நீளத்துக்கு நாக்கு. படக்குன்னு ஒரு சத்தம், வெட்டுக்கிளியக் காணோம். துரைன்னு பேரு வச்சேன். துரை கணக்கா ஆடி ஆடித்தான் நடக்கும்.

கட்சி மாறுறவனைப் பச்சோந்திங்கிறாங்க. அது பாவம் மேடம். அது எடத்துக்குத் தக்கன மாறுறதில்ல. மனசுக்குத் தக்கனதான் மாறும். நிம்மதியா இருந்தா நல்ல இலைப்பச்சை. பயந்துச்சுன்னா கரும்புள்ளி விழும். தூங்கும்போது வெளிறிப்போகும். ரெண்டே வாரத்துல எல்லாம் எனக்கு அத்துபடி. வாசல்ல இருந்தே பாத்துச் சொல்லிருவேன், இன்னைக்குப் பசியா, பயமா, வெயில் பத்தலையான்னு.

ஆடி முடிஞ்சதும் செண்பகத்தக் கொண்டுபோய் விட்டேன். அது முறைதான், அதைக் கணக்குல சேக்காதீங்க.

ஆவணியில வந்தா. தானா வந்தா, ஒரு கைப்பையோட. என்னம்மான்னேன். சும்மாதாம்பான்னா. தோசை ஊத்திக் குடுத்தேன். ரெண்டு தின்னா. கூண்டு முன்னால உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா, சாயங்காலம் வரைக்கும். மறுநாள் ஒரு சீப்புப் பழமும் அல்வாவும் வாங்கிக்கிட்டு நானே கூட்டிட்டுப் போனேன். கழுகுமலை தாண்டி உள்ள போகணும், கரிசல்பட்டி. மாப்பிள்ளை வைரவன் அங்க உரக்கடை வச்சிருக்காரு. வாங்க மாமான்னு நல்லாத்தான் கேட்டாரு. சம்பந்தியம்மா காபி குடுத்தாங்க. நான் எதுவும் கேட்டுக்கிடல. அவ ஒண்ணும் சொல்லலியே மேடம். சொல்லாததை நாமளாக் கெளறுனா நல்லாவா இருக்கும்?

அதே ஆவணியிலதான் துரை கீழ எறங்க ஆரம்பிச்சது. பச்சோந்தி தரைக்கு வராது. மரத்துலயே பொறந்து மரத்துலயே இருக்கிறதுன்னு நான் நினைச்சிருந்தேன். இது என்னடான்னா, கொப்புல இருந்து எறங்கி, கூண்டோட அடியில வந்து, அந்தப் பலகையப் பிறாண்டுது. சரி, கூண்டு பத்தல, காலாற நடக்கட்டும்னு வெளிய விட்டேன். இந்தத் தரை முழுக்க நடந்துச்சு. டைல்ஸ்ல நகம் டிக்கு டிக்குன்னு கேக்கும். மூலைக்கு மூலை போயிப் பிறாண்டும். எடுத்து மேல விட்டேன். மறுநாளும் எறங்குச்சு. மறுநாளும் மேல விட்டேன். ஒரு நாளும் கோவப்பட்டதில்ல மேடம். சத்தம் போட்டதில்ல. ரெண்டு விரலை நீட்டுனா ஏறிக்கிடும். அப்படியே பதனமாக் கொண்டுபோயி, அதுக்குப் பிடிச்ச கொப்பாப் பாத்து வச்சிட்டு, கதவச் சாத்திருவேன். எத்தனை தடவை எறங்குனாலும் சரி.

புரட்டாசியில ரெண்டாவது வந்தா. வலது கையில முட்டிக்கு மேல கன்னிப்போயிருந்துச்சு. நாலு விரலும் தனித்தனியாத் தெரிஞ்சது. சேலைத் தலைப்ப இழுத்து இழுத்து மூடிக்கிட்டா. நான் பாத்துட்டேன். என்னம்மா இதுன்னேன். கதவுல இடிச்சுக்கிட்டேன்னா. சரின்னேன். ராத்திரிச் சோத்துக்கு உக்காரும்போது அவளே சொன்னா, அப்பா, அவரு கைய நீட்டுறாருப்பா, தெனமும்தான்பான்னு. பீரோச் சாவி, போனு எல்லாம் மாமியார்கிட்ட இருக்குங்கிறா. சொல்லும்போது அழுகல. சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னா.

 பெத்தவனுக்குப் பொறுக்குமா மேடம்? மறுநாளே போன் போட்டேன். மாப்பிள்ளை சொல்றாரு, மாமா, உங்க மக சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்கிறா, ஒரு தட்டுத் தட்டுனேன், அதப் போயி பெருசு பண்ணிக்கிட்டுன்னு. நான் என்ன செய்யறது? அவரு ஒத்துக்கிட்டாரு. மறைக்கல. ஒத்துக்கிடுற மனுசன் திருந்துவான்னு நினைச்சேன். அஞ்சு நாள் வச்சிருந்தேன். நீலம் பச்சையாச்சு, பச்சை மஞ்சளாச்சு, அப்புறம் மறஞ்சிருச்சு. தோல் சரியாப் போச்சுன்னு பாத்துட்டுத்தான் கூட்டிட்டுப் போனேன். பஸ்ல ஜன்னல் ஓரமா உக்காரவச்சு, பொறுத்துப் போம்மா, ஒரு பிள்ளை பொறந்தா எல்லாம் மாறிரும்னு பூராவும் புத்தி சொல்லிக்கிட்டேதான் போனேன். ம், ம்முன்னு கேட்டுக்கிட்டு வந்தா. நல்ல பிள்ளை மேடம் அவ. எதுத்துப் பேச மாட்டா.

காபி ஆறுது, குடிங்க.

மூணாவது வந்தது ஐப்பசியில, அடமழை நேரம். காலையில கதவத் தொறந்தா வாசப்படியில உக்காந்திருக்கா. பையில்ல. கால்ல செருப்பில்ல. கரிசல்பட்டியில இருந்து மெயின் ரோடு வரைக்கும் சகதியில நடந்து, முதல் பஸ்ஸப் பிடிச்சு வந்திருக்கா. கண்டக்டர் டிக்கெட்டே கேக்கலையாம். முழங்கால் வரைக்கும் கரிசல் மண்ணு. உள்ள வான்னேன். அப்பா, தரை அழுக்காயிரும், தண்ணி கொண்டாங்கன்னா. அந்த நேரத்துலயும் என்னையப் பத்தி அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. கொண்டாந்து ஊத்துனேன். கழுவிட்டு வந்தா.

இனிமேப் போகலப்பான்னா. அந்த ஒரு வார்த்தைதான். எங்க போறதில்லன்னு நானும் கேக்கல.

அவ வந்த நேரம் துரைக்கும் சொகமில்ல. அதாவது எனக்கு அப்பத் தெரியல. வயிறு நல்லா உருண்டு இருந்துச்சு. வெட்டுக்கிளியாப் பிடிச்சுப் போட்டுத் துரை தொப்பை வச்சிட்டாருன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆனா தீனி எடுக்கல. பகல் பூரா தரையிலதான். பிறாண்டிப் பிறாண்டி முன்னங்கால் நகம் ரெண்டு தேஞ்சு போச்சு.

செண்பகம் ரெண்டு நாள் பாத்தா. மூணாம் நாள் சொன்னா, அப்பா, இது துரை இல்லப்பா, பொம்பள. வயித்துல முட்டை இருக்குப்பா. மண்ணு தேடுதுப்பா.

நான் சிரிச்சேன். முப்பத்தோரு வருசம் லேப்ல இருந்தவன்கிட்ட வந்து இவ சொல்றா. அதுவும் வந்து நாலு மாசமாத் தனியா இருக்கிறது, அதுக்கு எங்க இருந்தும்மா முட்டைன்னேன். வரும்போதே கொண்டாந்திருக்கும்பான்னா. மண்ணு வச்சுப் பாப்போம்பான்னா. மண்ணு வச்சா எறும்பு வரும், பூஞ்சை பிடிக்கும், கண்ணுல படும், நோவு வரும். மண்ணு வேணாம்னு சொல்லிட்டேன்.

மறுநாள் நான் காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தா, பெயிண்டு வாளி ஒண்ணுல முக்கால் வாசி செம்மண்ணு நெரப்பி, தண்ணி தெளிச்சு, கூண்டுக்குள்ள எறக்கி வச்சிருக்கா. இவ கூண்டு முன்னால சம்மணம் போட்டு உக்காந்து மூச்சு விடாமப் பாத்துக்கிட்டு இருக்கா. துரை வாளிக்குள்ள. தலைய உள்ள விட்டு, முன்னங்காலால மண்ணப் பின்னால தள்ளித் தள்ளி, பாதி உடம்பு குழிக்குள்ள போயிருச்சு. வெளிய எல்லாம் மண்ணு. கூண்டுல மண்ணு, டைல்ஸ்ல மண்ணு. ஒடம்பு அன்னைக்கு ஒரு மாதிரி நெறம். பச்சையும் இல்ல, கருப்பும் இல்ல. நான் முன்னப் பின்னப் பாக்காத நெறம்.

ஸ்ஸ், அப்பா, சத்தம் போடாதீங்கன்னா.

நான் சத்தம் போடல மேடம். ஒரு வார்த்தை பேசல. குழிக்குள்ள இருந்து அதைப் பதனமா வெளிய எடுத்தேன். ஈரத் துணி வச்சு மூஞ்சி, கால், நகத்து இடுக்கு எல்லாம் தொடச்சேன். கொப்புல வச்சேன். வாளியக் கொண்டுபோயி முருங்கைமூட்டுல கொட்டிட்டு, கழுவிக் கவுத்துனேன். தரையத் தொடச்சேன். செண்பகம் எந்திரிக்கவே இல்ல. உக்காந்த மேனிக்கு நான் செய்யிறத எல்லாம் பாத்துக்கிட்டே இருந்தா. கோவமாம்மான்னேன். இல்லப்பான்னா.

அதே நேரத்துக்கு மாப்பிள்ளை போன் வருது. மாமா, அனுப்பி வைக்கிறீங்களா, இல்ல நீங்களே நிரந்தரமா வச்சுக்கிடுறீங்களா, ஒண்ணச் சொல்லுங்கன்னு.  பேசிட்டுச் சொல்றேன்னு வச்சேன். திரும்புனா செண்பகம் பின்னால நிக்கிறா. அப்பா, நாளைக்கு என்னையக் கொண்டுபோய் விட்ருங்கப்பான்னா.

அவளே சொன்னா மேடம். சார், இதக் கவனமாக் கேட்டுக்கோங்க. மூணாவது தடவை நான் போகச் சொல்லல. அவளாத்தான் கேட்டா. நான் இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேம்மான்னுகூடச் சொன்னேன். வேணாம்பான்னா.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுல செருப்பு வாங்கிக் குடுத்தேன். ஊதா வார் வச்சது. வெறுங்காலோட போயி எறங்குனா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? போட்டு நடந்து பாத்து, சரியா இருக்குப்பான்னா. கொண்டுபோய் விட்டேன். சம்பந்தியம்மா அன்னைக்கு வான்னு சொல்லல. நாக்காலி போடல. நான் நின்னுக்கிட்டே பேசிட்டு அடுத்த பஸ்ஸுக்கு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் துரை எறங்குறத நிப்பாட்டிருச்சு. வச்ச கொப்புலயே இருந்துச்சு. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அடங்கிருச்சு, பழகிருச்சுன்னு நினைச்சேன். சந்தோசப்பட்டேன் மேடம், உள்ளதச் சொல்றேன். நாலு நாள் கழிச்சுப் பாத்தா ரெண்டு கண்ணும் குழி விழுந்து போயிருச்சு. பச்சோந்தி பகல்ல கண்ண மூடுனா முடிஞ்சுதுன்னு அர்த்தம். அட்டைப் பெட்டியில துணி விரிச்சு வச்சு, மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனேன். டாக்டர் கையில வாங்கும்போதே உசிரில்ல. இதை வீட்ல வளக்கக்கூடாது, சட்டப்படி குத்தம், தெரியுமான்னாரு. தெரியாதுங்கய்யான்னேன். அதுக்குக் கேசு போடணும்னா போடுங்க மேடம், வாங்கிக்கிடுறேன். வயித்தக் கீறிப் பாத்தாரு. முட்டை. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, திராட்சைக்கொத்து கணக்கா, இருபத்தேழு. எண்ணிக் காட்டுனாரு. மண்ணு வச்சிருந்தீங்களான்னு கேட்டாரு. இல்லன்னேன். குழி தோண்ட எடம் இல்லைன்னா இது போடாது, உள்ளயே வச்சுக்கிட்டுச் செத்துப்போகும், எறங்கி எறங்கித் தேடியிருக்குமேன்னாரு.  வேளா வேளைக்குத் தண்ணியும் தீனியும் குடுத்து, கண்ணுல வச்சுப் பாத்த என்னையப் போயி ஒரு பார்வை பாத்தாரு. முப்பத்தோரு வருசத்துல என்னைய யாரும் அப்படிப் பாத்ததில்ல.

அங்க இருந்தே செண்பகத்துக்குப் போன் போட்டேன். மாமியார் எடுத்தாங்க. என்ன விசயம்னு ரெண்டு தடவை கேட்டுட்டுக் குடுத்தாங்க. அம்மா, துரை செத்துப்போச்சும்மா, நீ சொன்னதுதான், முட்டைதான் இருந்துச்சுன்னேன்.  மண்ணு இருந்திருந்தா பொழச்சிருக்கும்லப்பான்னா. ஆமாம்மா, டாக்டரும் அப்படித்தான் சொன்னாருன்னேன். சரிப்பா, வச்சிர்றேன்னா.

அவ்வளவுதான் மேடம். ரெண்டாம் நாள் காலையில சம்பந்தி வீட்டுல இருந்து போன் வந்துச்சு. தோட்டத்துக் கிணத்துலன்னாங்க. நான் போகும்போது தூக்கி வெளிய போட்டிருந்தாங்க, ஒரு சாக்குல. செருப்பு மட்டும் மேட்டுல இருந்துச்சு, ஜோடியா, பக்கம் பக்கமா. ஊதா வாரு. ஒரு வாரம்கூடப் போடல, தேயவே இல்ல. அவளா விழுந்தாளா, என்னான்னு எனக்குத் தெரியாது. நான் பாக்கல. பாக்காததச் சொல்ல மாட்டேன்.

வயித்து வலி நான் சொன்ன வார்த்தை இல்ல. அவங்க பக்கத்துப் பெரிய மனுசர் ஒருத்தர் பேப்பர் எழுதிக் கொண்டாந்தாரு. பொண்ணு பேரு வெளிய நாறக்கூடாது அண்ணாச்சி, இப்படித்தான் எல்லாரும் எழுதுறது, ஒரு கையெழுத்துப் போடுங்கன்னாரு. போட்டேன். பயந்து போடல மேடம். காசு வாங்கிப் போடல. யாரு என்ன சொன்னாலும் சொல்லட்டும். வேற எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி எனக்குத்தான் வரும். அடிக்கிறான்னு சொன்னாளே, அப்புறம் ஏன்யா திரும்பக் கொண்டுபோய் விட்டன்னு கேப்பாங்க. வயித்து வலின்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் போட்டேன்.

இன்னைக்கும் அதையேதான் சொல்லணும்னு இருந்தேன். காலையில குளிச்சு, சட்டை மாத்தி, அதைத்தான் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க வந்து எடுத்த எடுப்புல கூண்டக் கேட்டுட்டீங்க.

சார், பேனா எடுங்க. அந்தப் பேப்பர்ல வயித்து வலின்னு இருக்குல்ல, அதை அடிங்க. வயித்துல வலி இருந்தது இந்தக் கூண்டுல இருந்த சீவனுக்கு. என் மகளுக்கு வயித்துல ஒண்ணும் கெடையாது. இருபத்திமூணு வயசு, ஒரு தலைவலி மாத்திரை தின்னதில்ல. அவ மூணு தடவை வந்தா. ஆவணியில ஒண்ணு, புரட்டாசியில ஒண்ணு, ஐப்பசியில ஒண்ணு. தேதி காலண்டர்ல பாத்துச் சொல்றேன். புரட்டாசியில கையில நாலு விரல் தடம் இருந்துச்சு, வலது கை, முட்டிக்கு மேல. யாரு அடிச்சதுன்னு அவ வாயால சொன்னா, அவரும் போன்ல ஒத்துக்கிட்டாரு. எழுதிக்கிட்டீங்களா? மூணு தடவையும் திரும்பக் கொண்டுபோய் விட்டது யாருன்னு ஒரு வரி வரணும்ல, அதையும் எழுதுங்க. அப்பா, ஆறுமுகப்பெருமாள்னு எழுதுங்க. எனக்காக ஒரு பக்கம் சாய வேணாம், நேராவே எழுதுங்க.

இன்னும் ஒண்ணு. மூணாவது தடவை அவளேதான் கேட்டான்னு சொன்னேன்ல மேடம், கொண்டுபோய் விடச் சொல்லி. அதை எழுத வேணாம். அவ என்கிட்ட கேட்டது மண்ணு. நான் அதைக் கொட்டிட்டு வாளியக் கழுவிக் கவுத்துனதுக்கு அப்புறம்தான் கொண்டுபோய் விடச் சொன்னா.